கிராசியான் விடுதலைக்காக

மார்ச் 5, விபூதிப் புதன்

வீட்டில் இருந்தவர்கள்: நான், டெல்பின் அப்பா, மகள் டெல்பின், டெல்பின் அப்பாவின் அக்கா செலஸ்தீன் மதினி, நன்னடத்தை அலுவலர் சண்முகவடிவு அம்மா. ஆக ஐந்து பேர். முறுக்கு விற்கிறவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவரைச் சேர்க்கவில்லை.

கோயிலில் சாம்பல் பூசி வந்து சேலைகூட மாற்றவில்லை. சண்முகவடிவு அம்மா ஒரு கோப்போடு வந்து, நின்றபடியே கேட்டார்: "கிராசியான் உங்க கூடப்பிறந்த தம்பிதானே?"

அந்தப் பேரை இந்த வீட்டில் சத்தமாக யாரும் சொல்லி வெகுகாலம் ஆகிறது. மதினி காபித் தம்ளரைக் கீழே வைத்தார்கள். நான் "ஆமா" என்றேன்.

நெடுங்காலம் சிறையில் இருப்பவர்களை முன்கூட்டியே விடுவதற்கு அரசாங்கத்தில் பார்க்கிறார்களாம். அதில் தம்பி பேரும் இருக்கிறது. அவன் வெளியே வந்தால் எங்கே இருப்பான், யார் சோறு போடுவார்கள், ஊரில் பிரச்சினை வருமா, இதையெல்லாம் விசாரித்து அறிக்கை எழுதுவது இந்த அம்மாவின் வேலை.

"நீங்க வீட்ல சேர்த்துக்குவீங்களா?"

நான் வாய் திறந்தேன். அதற்குள் மதினி, "கல்யாணத்துக்கு நிக்கிற புள்ள இருக்கிற வீடும்மா இது" என்றார்கள். டெல்பின் அப்பா தரையைப் பார்த்தபடி, "யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார்.

"உங்க ஈஸ்டர் பாஸ்கு கழிஞ்சதும் நான் அறிக்கை அனுப்பணும். அதுக்குள்ள சொல்லிருங்க. செத்துப்போன லாசரோட வீட்டம்மாவையும் நான் போய்ப் பார்க்கணும்." புறப்படும்போது டெல்பினைப் பார்த்து, "நீ என்னம்மா படிக்க?" என்று கேட்டார்.

"எம்.ஏ. குற்றவியல். கடைசி வருசம்."

"அப்ப நாளைக்கு என் நாற்காலி உனக்குத்தான்னு சொல்லு!"

அவர் தெருமுனை தாண்டும் முன்பே மதினி ஆரம்பித்துவிட்டார்கள். "படிக்கப் போடும்போதே சொன்னேன், கேட்டியா எமரி? மூணு மாப்பிள்ளை வீட்ல புள்ள என்ன படிக்கான்னு கேட்டாக. கிரிமினல் படிக்கான்னு சொன்னேன், போன் வச்சிட்டாக. இப்ப பாரு, வீடு தேடியே வந்துட்டு."

"கிரிமினல் இல்ல அத்தை, கிரிமினாலஜி" என்றாள் டெல்பின்.

"வாலு ஒட்டினா மட்டும் குரங்கு வேறயாயிருமோ?"

ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி நாள் என்பதால் மதியம் கஞ்சியும் தேங்காய்த் துவையலும். துவையலில் உப்பு போட மறந்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

டெல்பினுக்கு முழுதாகத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது. இருந்தாலும் வரிசையாக எழுதி வைக்கிறேன். அலுவலர் மறுபடி கேட்டால் உளறக் கூடாது.

என் தம்பி கிராசியான், டெல்பின் அப்பா, லாசர், மூன்று பேரும் ஒரே போட்டில் போனவர்கள். டெல்பின் அப்பாவுக்கு லாசர் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. ஒரு சனிக்கிழமை கரையில் பங்கு பிரித்தபோது லாசருக்கும் தம்பிக்கும் பேச்சு முற்றியது. இரண்டு பேரும் குடித்திருந்தார்கள். தம்பி கையில் கிடைத்த கட்டையால் ஒரே ஒரு அடி அடித்தான். லாசர் எழுந்திருக்கவில்லை. அதோடு டெல்பின் அப்பா கடலுக்குப் போவதை விட்டார். இப்போது ஐஸ் கம்பெனியில் மேஸ்திரி.

முதலில் நான் மனு பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பவரைப் பார்க்க எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதற்கு அப்படித்தான் பேர். அம்மா இறந்தபோது தம்பியை இரண்டு போலீஸோடு அடக்கத்துக்கு விட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் என் காதில் சொன்னான்: "இனிமே மனு போடாதக்கா. நீ வந்தாலும் நான் வர மாட்டேன்."

சொன்னபடியே செய்தான். நான் போய் உட்கார்ந்து, மற்ற எல்லாருடைய பேரும் கூப்பிட்ட பிறகு, கொண்டுபோன பழத்தைத் திருப்பி எடுத்து வந்தேன். அப்புறம் போகவில்லை.

எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. அலுவலர் கேட்டதால் எழுதினேன்.

மார்ச் 8, சனி

டெல்பினுக்குக் கடைசிப் பருவத்தில் களப்பயிற்சி உண்டு. வகுப்பில் படித்ததை வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அவளுக்குக் கிடைத்திருந்தது இதே நன்னடத்தை அலுவலகம்தான். அதற்காக எவ்வளவு நாள் ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். இன்று காலை பேராசிரியருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஏன்ட்டி? உனக்கு நல்லதுதான? அவன் கோப்பு அங்கதான இருக்கு."

"அதனாலதாம்மா போகக் கூடாது. சொந்த மாமாவோட கோப்பு இருக்கிற மேசையில நான் எப்படி உக்கார? நாளைக்கு நல்ல அறிக்கை போனாலும், மருமக உள்ள இருந்து எழுத வச்சான்னு பேர் வரும். மாமாவுக்கும் அது கெடுதல்."

மாமா என்றாள். முதல் தடவை.

தப்பு செய்து பிடிபட்ட சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். திங்கள் முதல் அங்கே. ஏழரை பஸ். டிபன் பாக்ஸ் மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

சீலா கருவாடு வெயிலில் வைத்து எடுத்தேன். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

சுத்தபோசனம், கவிச்சி கிடையாது. முருங்கைக்கீரை.

மாலை சிலுவைப்பாதை. எனக்கு இரண்டு வரிசைக்கு முன்னால் எப்போதும் போல லாசர் மனைவி பெர்னதெத். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள். முழங்காலில் இருந்து எழும்போது பெஞ்சைப் பிடித்துத்தான் எழுகிறாள். அவள் எழுந்து முடியும்வரை நான் எழுவதில்லை. ஏனென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

டெல்பின் புத்தகத்தில் ஒரு பாடம் முழுக்கக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷை அகராதி வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது கல்யாணத்துக்குப் பிறகு, மாதா பத்திரிகையும் மருந்துச் சீட்டும் பார்த்து. ஒரு பக்கத்துக்கு ஒரு மதியம் போகிறது. குற்றம் செய்தவனைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், அடிபட்டவரைச் சாட்சி சொல்ல மட்டும் கூப்பிட்டுவிட்டு அப்புறம் மறந்துவிடுவார்கள் என்று அதில் போட்டிருக்கிறது.

நான் மறக்கவில்லை. ஆனால் ஒரு நாளும் போய்ப் பேசியதுமில்லை.

மார்ச் 22, சனி

டெல்பின் படிக்கும் துறையில் பெற்றோர் கூட்டம். டெல்பின் அப்பாவுக்கு ஐஸ் கம்பெனியில் லோடு, வர முடியாது. மதினி, "நானும் வாறேன், என்னதான் சொல்லிக் குடுக்கான்னு பாப்போம்" என்று பட்டுச்சேலை கட்டி வந்துவிட்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் இருக்கையும் அவர்களுக்கே.

இதைப் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று பேராசிரியர் படம் போட்டுக் காட்டினார். போலீஸ் பரீட்சை எழுதலாம். சிறையில் நலஅலுவலர் ஆகலாம். சண்முகவடிவு அம்மா மாதிரி நன்னடத்தை அலுவலர் ஆகலாம். தடயவியல் வேலைக்கு மட்டும் கூடவே விஞ்ஞானமும் படித்திருக்க வேண்டுமாம். பாங்குகளிலும் கம்பெனிகளிலும் போனில் ஏமாற்றிப் பணம் பிடுங்குகிறவர்களைக் கண்டுபிடிக்கத் தனியாகப் பிரிவு வைத்திருக்கிறார்களாம், இப்போது அதிகம் எடுப்பது அங்கேதான். அடிபட்ட பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணையாகக் கோர்ட்டுக்குப் போகிற வேலையும் உண்டு. மேலே படித்து ஆராய்ச்சியும் செய்யலாம்.

மதினி எழுந்து, "ஐயா, டிவியில காட்டுத மாதிரி தலைமுடியை வச்சு ஆளைக் கண்டுபிடிப்பாகளா? எங்க வீட்டு தேங்காயெல்லாம் யாரோ கொண்டுபோறாக" என்று கேட்டார்கள். அவரும் சளைக்காமல், "தேங்காய்ல முடி நிறைய இருக்குமேம்மா, கஷ்டம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மதினிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

நானும் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "சிறையில இருந்து வாறவங்களை வீட்ல எப்படிச் சேர்த்துக்கணும்னு சொல்லிக் குடுக்கிற வேலை ஏதும் இருக்கா ஐயா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "இருக்கணும்மா. வெளிய வந்த பிறகு பார்த்துக்கிறதுதான் இருக்கிறதிலேயே பெரிய வேலை. ஆள்தான் குறைச்சல்."

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இதே பாடத்துக்குச் சின்னதாக ஒரு சான்றிதழ் படிப்பு இருக்கிறதாம். பத்தாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டுமாம். சும்மா விசாரித்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

மங்கள வார்த்தைத் திருநாள். காலைப் பூசை முடிந்து கோயில் பங்கு அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பூசை எழுதிக் கொடுத்தேன். சீட்டில் கருத்து, அதாவது எதற்காகப் பூசை என்று எழுதும் இடத்தில், "கிராசியான் விடுதலைக்காக" என்று எழுதினேன். என் பேரை எழுதவில்லை. வேறு யாரிடம் கேட்பது? வீட்டில் கேட்க முடியவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் பூசை. கோயில் நிறைய ஆட்கள். பூசை ஆரம்பிக்கும் முன், ஃபாதருக்குத் துணையாகக் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் மைக்கில் கருத்துகளை வாசித்தார். இன்னாருடைய உடல்நலத்துக்காக, இன்னாருடைய மகன் பரீட்சைக்காக. அப்புறம்: "மரித்த கிராசியானின் ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து விடுதலை அடைய."

எழுந்து இல்லை என்று சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் வருகைப்பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஊரில் கிராசியான் என்று வேறு ஆள் கிடையாது. ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. இரண்டு வரிசைக்கு முன்னால் பெர்னதெத் மட்டும் திரும்பவில்லை. எல்லாரும் நிற்கும்போது அவள் முழங்காலில் இருந்தாள்.

பூசை முடிந்து பீடத்துக்குப் பின்னால் உள்ள சக்கிரீஸ்து அறைக்கு ஓடினேன். உபதேசியார் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன உபதேசியாரே இப்படிப் பண்ணிட்டீரு! அவன் உசிரோட இருக்கான்."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "உசிரோட இருக்கவனுக்கு உடல்நலம்னு எழுதுவாக, நல்வரம்னு எழுதுவாக. விடுதலைன்னு எழுதினா உத்தரிக்கிற ஸ்தலத்துல வேகுற செத்தவகளுக்குத்தானம்மா? நான் வாசிக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து அப்படித்தான். நம்ம கோயில்ல எந்த மனுசன் ஜெயில்ல இருந்து விடுதலைக்குப் பூசை வச்சிருக்கான், சொல்லு?"

சரிதான். யாரும் வைத்ததில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் வாசலில் துட்டி கேட்க, சாவு விசாரிக்க ஆள் நின்றது. எதிர்வீட்டிலிருந்து காபி வந்தது. மேலத்தெருவிலிருந்து பன்னும் வாழைப்பழமும் வந்தன. ஒவ்வொருவரிடமும் "சாகல, சாகல" என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டது. சந்தோஷச் செய்தியைக் கேட்ட மாதிரி யாரும் இல்லை. கொண்டுவந்த பன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று முழித்தார்கள். மதினிதான், "குடுத்துட்டுப் போங்க, தவக்காலத்துல யாருக்கும் ஆகும்" என்று வாங்கி வைத்தார்கள்.

டெல்பின் அப்பாவைக் காணவில்லை. அவர் எப்போதும் கோயிலின் கடைசிக் கதவோரம் நிற்கிறவர். நற்கருணை நன்மை வாங்காமலே வந்துவிட்டிருக்கிறார். பின்பக்கம் துவைகல்லில் உட்கார்ந்திருந்தார். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது.

"எப்ப?" என்று கேட்டார்.

நான் பேசுவதற்குள் அவரே பேசினார். "என்ட்ட ஏன் சொல்லல எமரி? உடம்பை வாங்கணும்லா? நான் போறேன். ஃபாதர்ட்ட பேசுதேன். லாசர் பக்கத்துல இடம் கிடக்கு. அங்கேயே வைப்போம் அவனை. ரெண்டு பேரும் ஒரே இடத்துல கிடக்கட்டும்."

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "சாகலங்க. உபதேசியார் மாத்தி வாசிச்சிட்டாரு."

"சாகலையா?"

"இல்ல."

பக்கத்தில் இருந்த வாளியை ஓங்கி உதைத்தார். அது சுவர் வரை உருண்டது. பிறகு முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. டெல்பின் வந்து வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அப்பா பக்கத்தில் நின்றாள்.

மதியம் சாப்பிடும்போது அவர் பழையபடி ஆகிவிட்டார். மீன்குழம்பு நன்றாக இருந்தது என்றார். இன்றைக்கு நான் வைத்தது சாம்பார்.

மார்ச் 31, திங்கள்

டெல்பின் பஸ்ஸுக்குப் போனபின் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெர்னதெத் வந்தாள். கையில் பிளாஸ்க்.

லாசர் போனபின் அவள் இந்த வாசலை மிதித்ததில்லை. நான் சாகல என்று சொன்னது அவள் தெருவரை போகவில்லை போலிருக்கிறது. துட்டி வீட்டுக்கு வருகிறவள் மாதிரியே கூப்பிடாமல் உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, தம்ளர் கேட்டாள். காபியை ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"குடி எமரி. வெறும் வயிறா இருக்காத."

நான் பேச வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் சொல்லிருதேன் முதல்ல. இல்லைன்னா சொல்ல மாட்டேன். அந்தாளு போன நாள்ல இருந்து, உன் தம்பி நாசமாப் போகணும்னு கேக்காம நான் ஒரு செபமாலை சொன்னதில்லை. நேத்து உபதேசியார் வாசிக்கவும் காலு தானா மடங்கிட்டு. போகட்டும் ஆண்டவரே, அவனையும் சேர்த்துக்கிடும்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கினேன்."

அவள் கண் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு நாள் சொல்லலாம் என்று மனது கெஞ்சியது. இந்தக் காபியைக் குடித்து முடித்தபின் என்றும் கெஞ்சியது.

"பெர்னதெத், அவன் சாகல. உள்ளதான் இருக்கான். அவன் வெளிய வரணும்னுதான் நான் பூசை குடுத்தேன். அதை மாத்தி வாசிச்சிட்டாக."

அவள் என்னைப் பார்த்தாள். பிளாஸ்க் மூடியை எடுத்துத் திருகினாள். மரை ஏறவில்லை, மறுபடி திருகினாள்.

"அப்ப நான் சொன்னது?"

நான் தம்ளரைத் தரையில் வைத்தேன்.

"அக்காவும் தம்பியும் என்ட்ட இருந்து களவாண்டுட்டீக" என்றாள். முதலில் அவள் புருஷனை, இப்போது இதை, என்கிற மாதிரி விரலை இரண்டு தரம் மடக்கினாள். எழுந்து போய்விட்டாள். பிளாஸ்க் இங்கேயே இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

டெல்பின் அப்பா வேலைக்குப் புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த அலுவலரம்மாட்ட சொல்லிரு. பெர்னதெத் சரின்னு சொன்னா எனக்கும் சரி. அவ வேண்டாம்னா வேண்டாம். லாசர் பொண்டாட்டி எதிர்ல நான் அவனுக்குச் சோறு போட முடியாது."

"மதினி?"

"அக்காவை நான் பாத்துக்கிடுதேன்."

டெல்பினுக்குச் சென்னையிலிருந்து போன். பாங்கில் மோசடி விசாரிக்கும் பிரிவில் எடுத்துக்கொள்கிறார்கள். ஜூன் முதல். நன்னடத்தை அலுவலர் பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அறிவிப்பு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாதும்மா. அதுவரை சும்மா இருக்க முடியுமா? அங்க இருந்துக்கிட்டே படிக்கேன். வந்ததும் எழுதுவேன்." கொஞ்ச நேரம் கழித்து, "கூர்நோக்கு இல்லத்துல ஒரு பையன் தினமும் கேக்கான், எங்கம்மா வருவாளான்னு. அவன் கேக்கிறப்பல்லாம் இந்த வேலைதான் வேணும்னு தோணுது. சம்பளத்தைப் பாத்தா அந்த வேலையும் வேணும்னு தோணுது" என்றாள்.

நல்ல வேலை, போ என்றேன். அவளுடைய அறை ஜூனில் காலியாகும். மதினி கல்யாணத்துக்கு நிற்கிற புள்ள வீட்டில் இருக்கிறாள் என்று இனி சொல்ல முடியாது. இது இரண்டும் ஒரே நேரத்தில் என் மனதில் வந்தது. எதற்கு முதலில் கண்ணீர் வந்தது என்று எழுத மாட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

பிளாஸ்க்கை வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, சத்துணவுக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். பெர்னதெத் அண்டாவில் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே, "அங்க வை" என்றாள். வைத்தேன். போகவில்லை. கூட நின்று கருவேப்பிலை உருவிக் கொடுத்தேன்.

தாளித்துக் கொட்டியபின்தான் பேசினாள்.

"அலுவலரம்மா வந்தாக. நான் ஒண்ணும் சொல்லல. யோசிக்கணும்னு சொன்னேன்."

"ம்."

"அன்னைக்கு முழங்கால்ல சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது எமரி. சாமிட்ட சொன்னது. ஆனா அது செத்தவனுக்குச் சொன்னது. செத்தவனுக்குச் சொல்ல லேசா இருந்துச்சு. உசிரோட இருக்கவன்னா வேற."

"என்ன செய்யணும், சொல்லு."

கரண்டியை அண்டா விளிம்பில் தட்டினாள். "கோர்ட்ல அவன் வாயே திறக்கல. வக்கீல்தான் பேசினாரு. குடிபோதை, கைதவறி, என்னென்னமோ. லாசர் பேரைக்கூட அந்த வக்கீல் தப்பாச் சொன்னாரு. நான் அங்க உக்காந்து கேட்டேன். வெளிய வந்ததும் உன் தம்பி என் வாசல்ல வந்து நிக்கணும். லாசரை நான்தான் அடிச்சேன்னு அவன் வாயால, பேரைச் சொல்லிச் சொல்லணும். அழ வேண்டாம், கால்ல விழ வேண்டாம். சொன்னாப் போதும். சொல்லுவான்னா நான் சரின்னு எழுதிக் குடுக்கேன். முதல்ல சொல்லுவானான்னு கேட்டுச் சொல்லு."

மத்தியானம் டெல்பினிடம் போனில் சொன்னேன். "குத்தம் செஞ்சவரும் இழந்தவங்களும் நேர்ல பேசிக்கிறதுக்குன்னு தனியாப் பேரெல்லாம் வச்சுப் பாடம் நடத்துறாங்கம்மா. அந்தம்மா பருப்புக் கடைஞ்சிக்கிட்டே சொல்லிட்டாங்க" என்றாள். பிறகு, "மாமாட்ட யாராவது கேட்டீங்களா?" என்றாள்.

என்னை, டெல்பின் அப்பாவை, மதினியை, பெர்னதெத்தை எல்லாரையும் கேட்டாகிவிட்டது. அவனை யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

மனு போட்டேன். டெல்பினும் வந்தாள். வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு பெண் மடியில் கைக்குழந்தைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பார்க்கும்போது வெள்ளையாகத் தெரிய வேண்டுமாம். அவளைக் கூப்பிட்டார்கள். அப்புறம் ஒரு கிழவரைக் கூப்பிட்டார்கள். அப்புறம் எல்லாரையும்.

கடைசியில் காவலர் வந்து, "கிராசியான் மனு வேண்டாம்னுட்டாரும்மா" என்றார். நல்ல பையன். தன் தப்பு மாதிரி சொன்னான்.

"நல்லா இருக்கானா?" என்று கேட்டேன்.

"இருக்காரு. தையல்ல இருக்காரு. உங்க பேரைச் சொன்னதும் மிஷினை நிறுத்திட்டாரு. கொஞ்ச நேரம் நின்னாரு. கதவு வரைக்கும் வந்தாரும்மா. அப்புறம் திரும்பிட்டாரு."

தையல் தெரியும் என்று எனக்குத் தெரியாது. வலை பின்னுவான், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தம்பி.

பஸ்ஸில் டெல்பின் என் கையைப் பிடித்திருந்தாள். "கோபமில்லம்மா அவருக்கு. நிறைய பேர் இப்படித்தான். வெளிய வர ரொம்ப ஆசைப்படுறவங்கதான் அந்தக் கதவைப் பாத்து அதிகமாப் பயப்படுவாங்க."

"புத்தகத்துல போட்டிருக்கா?"

"இல்ல. கூர்நோக்கு இல்லத்துல பாத்தேன்."

கதவு வரைக்கும் வந்திருக்கிறான்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

குருத்தோலை மடிக்க வரவில்லை. எல்லாம் கோணல்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

காலையில் எழுதி, பாதம் கழுவும் பூசைக்கு முன் தபாலில் சேர்த்துவிட்டேன். எழுதியதை அப்படியே இங்கே படியெடுத்து வைக்கிறேன்.

அன்புள்ள தம்பி கிராசியானுக்கு, அக்கா எமரென்சி எழுதுவது. நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை முதலில் படிக்கும் சிறை ஐயாவுக்கும் வணக்கம்.

நீ மனுவுக்கு வராததில் எனக்குக் கோபமில்லை. நீ கதவு வரை வந்ததாகச் சொன்னார்கள். அது எனக்கு இந்த வருஷத்துப் பாஸ்குவுக்குப் போதும் என்றுதான் நினைத்தேன். போதவில்லை.

உன்னை விடுவதற்கு அரசாங்கத்தில் பார்க்கிறார்கள். இங்கே நன்னடத்தை அலுவலர் விசாரித்துவிட்டார். உன் மச்சானுக்குச் சம்மதம், ஆனால் பெர்னதெத் சரி என்றால் மட்டும். போன மாதம் நீ செத்துப்போனதாக ஊருக்குள் தப்பாகப் பேச்சு வந்தது. அப்போது அவர் துவைகல்லில் உட்கார்ந்து உன்னைப் புதைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உன்மேல் வைத்திருப்பது இன்னது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பெர்னதெத்தும் ஒன்று கேட்கிறாள். நீ அவள் வாசலில் நின்று, லாசரை நான்தான் அடித்தேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். லாசர் என்று பேரைச் சொல்ல வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை. நீ சொல்வாய் என்றால் அவள் சரி என்று எழுதிக் கொடுப்பாள். இது லேசான காரியம் என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன். நீ சொல்வாய் என்று அவளிடமும் நான் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

டெல்பின் உன்னை மாமா என்கிறாள். குற்றவியல் படித்து முடிக்கிறாள். ஜூனில் சென்னைக்கு வேலைக்குப் போகிறாள். அவள் அறையில் மேற்கு ஜன்னல், மத்தியானம் காற்று வரும். தையல் மிஷின் ஒன்று மதினி வீட்டில் சும்மா கிடக்கிறது. கேட்டேன், "திங்கவா போறேன், எடுத்துக்க" என்றார்கள். நான் எதையும் முடிவு செய்துவிட்டு எழுதவில்லை. இருக்கிறதை எழுதுகிறேன்.

பாஸ்கு முடிந்ததும் அலுவலர் அறிக்கை அனுப்பிவிடுவார். பெர்னதெத்திடம் வந்து சொல்வாயா, மாட்டாயா? எதுவானாலும் ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுது.